தொண்ணூற்றைந்தால் வகுத்த சூப்

ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் அவளுக்குப் பெரியகரண்டி என்று பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், அதற்குத் தனித் தைரியம் வேண்டும். முகத்துக்கு முன்னால் அக்கா, முதுகுக்குப் பின்னால் பெரியகரண்டி. இது அவளுக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை, ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். தினம் முந்நூற்று எண்பது பேருக்குச் சமைத்துப் போடுகிறவளைப் பின்னே தேக்கரண்டி என்றா கூப்பிடுவார்கள்?

ஐம்பத்தொரு வயது ஆகிறது. அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் வருவாள். ஏன் என்று கேட்டால், "உக்காந்தா அப்புறம் எந்திரிக்கணுமே" என்பாள். காலில் சக்கரம் என்று சிலரைச் சொல்வோமே, அந்த ரகம்.

சமையற்கூடத்தில் அவள் வைத்தது சட்டம். அதிலும் ஒரு சட்டம் ரொம்பக் கடுமையானது. எது தப்பாகப் போனாலும், கஞ்சி அடிப்பிடித்தாலும் சரி, உப்பு கூடினாலும் சரி, தப்புப் பண்ணியவர்கள் சாப்பாட்டு வண்டி லிஃப்டில் ஏறுவதற்கு முன்னால் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். சொன்னால் திட்டு மட்டும்தான். வண்டி ஏறிய பிறகு தெரியவந்தால் அன்றைக்கு அந்த ஆளுக்கு நல்ல நாள் இல்லை. இன்னொரு சட்டம் ஆஸ்பத்திரி போட்டது: உள்ளே சமைத்தது வாசலைத் தாண்டி வெளியே போகக் கூடாது. வாசலில் நிற்கிற காவலாளிகூட சில நாள் கண்டும் காணாமல் இருப்பார். பெரியகரண்டி இருக்க மாட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கரண்டி சூப்கூட அவள் வீட்டுக்கு வந்ததில்லை.

வீட்டில் சமையல் அவள் கணவர். தையல்காரர். முன்னறையில் மெஷின், பின்னால் இரண்டு அடுப்பு. துணி வெட்டுவதற்கும் வெங்காயம் வெட்டுவதற்கும் நடுவில் கையைக் கழுவிக்கொள்வார் என்று நம்பித்தான் வாடிக்கையாளர்கள் துணி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் விடியற்காலை நான்கு மணிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தபோது மகளுக்கு நாலு வயது. ஒரு மாசத்துக்கு மட்டும் நான் பார்த்துக்கறேன் என்று தையல்காரர் கரண்டியைக் கையில் எடுத்தார். அந்த ஒரு மாசம் இன்னும் முடியவில்லை.

இதில் யாருக்கும் குறை இல்லை என்றுதான் பெரியகரண்டி நினைத்திருந்தாள், மகள் கல்யாணம் வரைக்கும். கல்யாணம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளையின் அக்கா எதார்த்தமாக ஒரு கேள்வி கேட்டாள்: உங்கம்மா கையால எது நல்லா இருக்கும்? மகள் கலகலவென்று சிரித்தாள். "எங்கம்மா ஆஸ்பத்திரிக்குத்தான் சமைப்பாங்க. எங்களுக்கு அப்பாதான். அம்மா கை எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

கூடத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். பெரியகரண்டியும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள். நாலு வருஷம் ஆகியும் அந்த வார்த்தை அவளுக்கு ஆறவில்லை. அதைச் சொன்ன மகளுக்குச் சொன்ன ஞாபகம்கூட இருக்காது.

இந்த நிலைமையில்தான் ஆசிரியரம்மா வந்து சேர்ந்தாள், அதுவும் நோயாளியாக. குடல்வால் அறுவை முடிந்து மூன்றாம் நாள் அவளுக்குப் பருப்பும் கேரட்டும் போட்ட சூப் கொடுத்தார்கள். குடித்தாள். இன்னொரு கிண்ணம் கேட்டாள். அப்புறம் தையல் போட்ட வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கி, சமையற்கூடத்துக் கதவைத் தட்டி, "இத யாரு பண்ணது?" என்று கேட்டாள். பெரியகரண்டிக்கு முதலில் புகார் என்று தோன்றி இடுப்பில் கை போய்விட்டது.

புகார் இல்லை. இந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்திரிகை தொடங்கப் போகிறாளாம். பெயர் 'தட்டு'. பெரிய ஓட்டல்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் எந்தக் கடையில் தேநீர் குடிக்கிறார்கள், ரொட்டிக்கடை அடுப்பை எத்தனை மணிக்கு மூட்டுகிறார்கள், ஆஸ்பத்திரியில் யார் சமைக்கிறார்கள் என்று யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுவேன் என்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சாப்பிடத் தெரிந்தவள். சமைக்க, கேட்காதீர்கள். அவள் வீட்டு அடுப்பில் பழைய இதழ்களை அடுக்கி வைத்திருந்ததாகப் பின்னால் படக்காரர் சொன்னார். அந்த அலுவலகமே ஆசிரியரம்மா, படக்காரர், பக்கம் கட்டுகிற ஒரு பெண் என்று மூன்றே பேர்தான்.

"முதல் இதழ்ல உங்க சூப்புக்கு ரெண்டு பக்கம்க்கா. வீட்ல பண்ற மாதிரி, நாலு பேருக்கு அளவு போட்டு எழுதிக் கொடுங்க" என்றாள்.

நாலு பேருக்கு. பெரியகரண்டிக்கு உடனே மகள் வீடு கண்ணில் தெரிந்தது. மகள், மாப்பிள்ளை, அந்த அக்கா, அக்காவின் கணவர். சரியாக நாலு. மேஜையில் என் பக்கத்தைப் பிரித்து வைத்து அவள் சமைப்பாள், இதுதான் எங்கம்மா கை என்று எடுத்துப் பரிமாறுவாள். அந்த நினைப்பு வந்த பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்?

எழுதுவது கஷ்டமாக இல்லை. சமையற்கூடத்தில் அளவுப் புத்தகம் இருக்கிறது, முந்நூற்று எண்பது பேருக்கு என்னென்ன எவ்வளவு என்று. முந்நூற்று எண்பதை நாலாக்க வேண்டுமென்றால் தொண்ணூற்றைந்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதானே? தண்ணீர் தொண்ணூற்றைந்து லிட்டர், வகுத்தால் ஒரு லிட்டர். பருப்பை வகுத்தாள், கேரட்டை வகுத்தாள், வெங்காயத்தை வகுத்தாள், உப்பை வகுத்தாள். உப்பு இரண்டரைத் தேக்கரண்டி வந்தது. கடைசியில் கொதிக்கிற நேரம். ஒன்றரை மணி. அதையும் வகுத்துப் பார்த்தாள், ஒரு நிமிஷம்கூட முழுசாக வரவில்லை. ஒரு நிமிஷத்தில் எந்தப் பருப்பு வேகும்? அதனால் நேரத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள்.

"வீட்ல ஒரு தடவை பண்ணிப் பாத்தீங்களாக்கா?" என்று ஆசிரியரம்மா கேட்டாள். கேட்டது நிஜம். "இருபத்திரண்டு வருஷமா வாராவாரம் பண்ணிப் பாக்கறேன்" என்றாள் பெரியகரண்டி. அதற்கு மேல் கேட்க யாருக்கு வாய் வரும்? படக்காரர் நேரே சமையற்கூடத்துக்கு வந்து, பெரிய அண்டாவிலிருந்து ஒரு கிண்ணத்தில் மொண்டு, ஜன்னல் ஓரம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். படத்தில் சூப் அழகாகத்தான் இருந்தது.

பத்திரிகை வெளியீட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் அவளுக்கு ஒரு பிரதி வந்தது. நாற்பத்தாறாம் பக்கம். கையில் நீளக் கரண்டியோடு அவள் நிற்கிற படம், எதிர்ப்பக்கத்தில் சூப், கீழே அளவு. படித்தாள். மெஷின் பக்கம் போய்க் கணவரிடம் காட்டினாள். திரும்ப வாங்கிப் படித்தாள். வாசல் வரை போனாள், வந்தாள். இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் பால் இருக்கும்போதே பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பி, கடை கடையாக நின்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் நாளைக்கு என்ன விசேஷம் என்று சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே மூக்கு சொல்லிவிட்டது. அடிப்பிடித்திருக்கிறது.

தையல்காரர் அடுப்பு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பக்கத்தில் பத்திரிகை விரித்திருந்தது, அது பறக்காமல் இருக்கக் கத்தரிக்கோலை வைத்திருந்தார். அவள் வருவதற்குள் அவள் சூப்பைச் செய்து வைத்து அசத்த வேண்டும் என்று மனுஷன் ஆசைப்பட்டிருக்கிறார். பாத்திரத்தில் சூப் இல்லை. சுவருக்குப் பூசுகிற பதத்தில் மஞ்சளாக ஏதோ இருந்தது.

"நான்தான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேன். தீ கூட வச்சுட்டேனோ என்னமோ" என்றார்.

அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. வாயை வழித்துக்கொண்டு போகிற உப்பு.

"எழுதியிருக்கறபடி பண்ணீங்களா?"

"வரி வரியா பாத்துதான் பண்ணேன். ஒரு மணி நேரத்துலயே தண்ணி சுண்டிப் போச்சு. ஊத்தலாம்னு பாத்தேன், நீ எழுதல. மூடி போடலாம்னு கை துடிச்சுது, அதுவும் நீ எழுதல. எழுதாத ஒண்ண நான் எப்படிப் பண்றது? நீ முந்நூத்தி எண்பது பேருக்குச் சமைக்கறவ."

மூடி.  ஆஸ்பத்திரி அண்டாவுக்கு மூடி கீல் வைத்து அதன் உடம்போடேயே இருக்கிறது. காலால் ஒரு மிதியை அழுத்தினால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். அது தனியாக ஒரு சாமான் என்றே அவளுக்கு இத்தனை வருஷத்தில் தோன்றியதில்லை. மூடி போடு என்று எழுதுவது, மூச்சு விடு என்று எழுதுவது போல.

"தள்ளுங்க, நான் பண்றேன்" என்றாள்.

தள்ளினார். அப்புறம் நடந்ததைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும், அவளுக்கு வரவில்லை. தீ மூட்டுகிற லைட்டர் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் எடுத்துக் கொடுத்தார். பருப்பு டப்பா எது என்று தெரியவில்லை. அவர் காட்டினார். கேரட் வெட்டினாள், நறுக் நறுக்கென்று கண் இமைக்கிற நேரத்தில் ஒரு குன்று சேர்ந்தது, பாத்திரத்தில் பாதிகூடக் கொள்ளவில்லை. அந்தப் பாத்திரம் அவள் இடுப்புக்குக் கீழே, கைக்கு அடக்கமாக, பொம்மைச் சாமான் மாதிரி இருந்தது. கிளறினால் முழங்கை சுவரில் இடித்தது. மூடியைப் போட்டாள். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. மூடியை எடுத்தாள். தண்ணீர் கண்ணுக்கு முன்னாலேயே இறங்கியது. ஒரு தடவை உப்பு போட்டாள், கை பழக்கத்தில் வந்த உப்பு பத்துப் பேருக்குக் காணும்.

ஊரில் பாதிப் பேர் சாப்பிட்டுப் பிழைத்த கைக்கு ஒரு சின்னப் பாத்திரம் வசப்படவில்லை. இரண்டாம் தடவையும் பாழ். ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கரண்டியைக் கழுவுதொட்டியில் போட்டுவிட்டு நின்றாள். அழவில்லை, ஆனால் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் ஒரு தடவை பண்ணிப் பாக்கட்டுமா? என் இஷ்டத்துக்கு?" என்றார் தையல்காரர்.

அவர் அவசரப்படவில்லை. தண்ணீர் ஐந்து தம்ளர் வைத்தார். மூடியை ஒருக்களித்து, ஒரு விரல் சந்து விட்டு வைத்தார். நடுவில் ஒருமுறை போய் ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்துவிட்டு வந்தார். உப்பைக் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு, இரண்டு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டார். முப்பத்தைந்தே நிமிஷம். கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்.

நன்றாக இருந்தது.

"இதெல்லாம் எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"தெரியாது. பாத்தா தெரியுது" என்றார் அவர். பெருமையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவ்வளவுதான்.

இப்போது கணக்குப் பாருங்கள். அச்சடித்து வந்த பிரதிகள் ஆயிரத்து இருநூறு. ஒவ்வொன்றிலும் நாற்பத்தாறாம் பக்கத்தில் அந்த ஒன்றரை மணி நேரம். நாளைக்கு வெளியீடு, நாளை மறுநாள் ஞாயிறு, லீவு நாளில்தான் ஜனங்கள் புதுசாக எதையாவது செய்து பார்ப்பார்கள். அப்புறம் அவள் மகளுக்கு ஒரு பிரதி. அந்த நாலு பேர் உட்கார்ந்த மேஜை. அதில் இந்தப் பூச்சுமண். அன்று ராத்திரி அவள் தூங்கினாளா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவள் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லியிருந்தாள், காலை எட்டு மணிக்கே இருவரும் வெளியீட்டு மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மண்டபம் என்று பெயர்தான், குழாய் விற்கிற கடைக்கு மேலே ஒரு நீண்ட அறை. அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், மேஜையில் கட்டுக் கட்டாக 'தட்டு'. ஆசிரியரம்மா ஸ்டூலில் ஏறி நின்று துணிப் பதாகையின் ஒரு முனையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அச்சகக்காரர் கடைசிக் கட்டைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியகரண்டி அந்தக் கட்டுகளையே பார்த்தாள். என்ன செய்யலாம்? சொல்லாமல் விட்டால் என்ன? யாருக்காவது சரியாக வராவிட்டால் தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். தையல்காரரே நேற்று அப்படித்தானே நினைத்தார்?

அந்தக் கடைசி நினைப்புதான் அவளை நிறுத்தியது. நேற்று அவர் நின்ற நிற்பு, நான்தான் தப்பு பண்ணிட்டேன் என்று. அப்படி ஊர் முழுக்க ஆயிரத்து இருநூறு அடுப்பு முன்னால் நிற்பார்களா? அதில் ஒன்றின் முன்னால் மகளும்?

"ஆசிரியரம்மா, கொஞ்சம் கீழ இறங்குங்க" என்றாள்.

ஆசிரியரம்மா இறங்கினாள். பெரியகரண்டி நேற்று நடந்ததையெல்லாம் சொன்னாள். ஆசிரியரம்மாவின் முகம் வெளிறி, அப்புறம் சிவந்தது.

"அக்கா, நான் கேட்டேனே! வீட்ல பண்ணிப் பாத்தீங்களான்னு கேட்டேனே!"

"கேட்டீங்க."

"ஆறு மாசம்க்கா. ஒவ்வொரு பக்கமும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாத்தோம். முதல் இதழ்லயே சூப் வைக்கத் தெரியாத பத்திரிகைன்னு பேர் வந்துச்சுன்னா அடுத்த இதழ யாரு கையில எடுப்பா?" அறைக்குள் நாலு தடவை நடந்தாள். பதாகையின் கட்டாத முனை தொங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றாள். "சரி. ஒரு துண்டுச் சீட்டு போட்டு எல்லாப் பிரதியிலயும் வச்சுடுவோம். சரியான அளவு, கீழ 'அச்சுப் பிழைக்கு வருந்துகிறோம்'னு ஒரு வரி. முடிஞ்சுது. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. உங்க பேரும் கெடாது."

பெரியகரண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவ்வளவுதானா? ஒரு வரியில் எல்லாம் சரியாகிவிடுமா? வாய் திறந்து சரி என்று சொல்ல வந்தாள்.

மூலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அச்சகக்காரர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். கோபப்படவில்லை. "அம்மா, நான் ஒரு எழுத்துகூட மாத்தல. நீங்க கொடுத்தத அப்படியே போட்டேன். வேணும்னா அந்தத் தாள் என்கிட்ட இருக்கு, காட்டறேன்" என்றார்.

"யாரும் உங்களத் தப்பா நினைக்க மாட்டாங்க அண்ணே. எல்லாப் புத்தகத்துலயும் வர்ற வரிதானே" என்றாள் ஆசிரியரம்மா.

"வரிதான். ஆனா என் வேலைமேலதானே அந்த வரி?"

அவர் அவ்வளவுதான் சொன்னார். பெரியகரண்டி சரி என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டாள். தன் சமையற்கூடத்தில் இப்படி ஒருத்தி அடுத்தவர்மேல் தள்ளிவிட்டு நின்றால் தான் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வண்டி இன்னும் லிஃப்டில் ஏறவில்லை. மணி எட்டே முக்கால். பதினொன்றுக்குத்தான் கூட்டம்.

"ஒரு பேனா கொடுங்க" என்றாள்.

நின்றபடியே, ஒரு கட்டின்மேல் தாளை வைத்து எழுதினாள். எழுதியது இதுதான்:

'நாற்பத்தாறாம் பக்கத்து சூப்பை அங்கே இருக்கிறபடி செய்ய வேண்டாம். நான் முந்நூற்று எண்பது பேருக்குச் சமைப்பவள். நாலு பேருக்குச் சமைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. செய்து பார்க்காமல் கணக்குப் போட்டு எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை. பருப்பும் காய்களும் மட்டும் அங்கே உள்ளபடியே. மற்றது என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டில் செய்து பார்த்துச் சொன்ன அளவு: தண்ணீர் ஐந்து தம்ளர். மூடியை ஒரு விரல் சந்து விட்டு வைக்கவும். முப்பத்தைந்து நிமிஷம். உப்பு இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, அடுப்பை அணைத்த பிறகு.'

ஆசிரியரம்மா படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "இதப் போட்டா உங்களப் பாத்துச் சிரிப்பாங்கக்கா."

"சிரிக்கட்டும்."

அச்சகக்காரர் தாளை வாங்கிக்கொண்டு ஒரே ஓட்டமாகப் படியிறங்கினார். அவர் கடை அடுத்த தெருதான். ஒரு தாளில் நாலு சீட்டு, முந்நூறு தாள். ஒன்பதே முக்காலுக்கு மை சூடு ஆறாமல் வந்துவிட்டார், வெட்டுவதற்குக் கத்தியும் கொண்டுவந்தார். தையல்காரருக்கு நேர்கோட்டில் வெட்டச் சொல்லித்தர வேண்டுமா என்ன, அவர் கையில் கத்தி பறந்தது. ஆசிரியரம்மா, படக்காரர், பக்கம் கட்டிய பெண், சீக்கிரம் வந்து மாட்டிக்கொண்ட இரண்டு விருந்தினர்கள் என்று எல்லாரும் பிரதியைப் பிரிப்பதும் சீட்டைச் செருகுவதுமாக இருந்தார்கள். பெரியகரண்டி கட்டுக்குக் கட்டு ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு பிரதியைக்கூட விட்டுவிடக் கூடாது. செருகி முடித்த கட்டுகளை மறுபடி பிரித்துப் பார்த்தாள். "அக்கா, நம்புங்கக்கா" என்று படக்காரர் கெஞ்சிய பிறகும் பார்த்தாள்.

கூட்டம் நடந்தது. ஆசிரியரம்மா பேசினாள், ரொட்டிக்கடைக்காரர் பேசினார், கைதட்டினார்கள். சீட்டைப் படித்தவர்கள் சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் படித்துவிட்டு அவர்கள் தேடியது பெரியகரண்டியை இல்லை. "யாரு அந்த வீட்டுக்காரர்?" என்று தேடினார்கள். தானே தைத்த சட்டையில் சுவரோரம் நின்றிருந்த தையல்காரரைச் சுற்றிப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பருப்பை ஊற வைக்கலாமா, இரண்டு பேருக்கு என்றால் தண்ணீர் எவ்வளவு என்று ஆளுக்கொரு கேள்வி. மனுஷர் பதில் சொல்லிச் சொல்லி வியர்த்துப்போனார். கடைசியில் ஆசிரியரம்மா அவரிடமே வந்து, "அண்ணே, அடுத்த இதழ்ல இருந்து நாலு பேருக்கான சமையல் பக்கத்த நீங்க எழுதறீங்களா?" என்று கேட்டாள்.

அவர் மனைவியைப் பார்த்தார். அவளுக்குப் பொறாமையாக இருந்தது. பொய் எதற்கு, நன்றாகவே பொறாமையாக இருந்தது. அது அவள் பக்கம், அவள் படம், அவள் சூப். "எழுதுங்க, உங்களுக்குத்தானே வருது" என்றாள். குரல் கொஞ்சம் விறைப்பாகத்தான் வந்தது, ஆனால் மனசறிந்து சொன்னாள்.

அன்றைக்கே மகளுக்கு ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பினாள். உறையை ஒட்டும் முன் சீட்டு இருக்கிறதா என்று பார்த்தாள். ஒட்டிய பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மறுபடி பார்த்தாள். அதற்கடுத்த நாட்கள் எப்படிப் போயின என்றே தெரியவில்லை. சமையற்கூடத்தில் போன் அடிக்கும்போதெல்லாம் ஈரக் கையோடு ஓடினாள். யாரோ, எதற்கோ. போன் செய்து கேட்கவும் தன்மானம் இடம் கொடுக்கவில்லை.

மறு ஞாயிறு மத்தியானம் மகள் கூப்பிட்டாள். பின்னால் தட்டுகள் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா, பண்ணேன்மா! நாலு பேருக்கும் சரியா இருந்துச்சு. அண்ணி ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாங்க."

"உப்பு?"

"கரெக்டா இருந்துச்சு. ஆனா ஒண்ணும்மா, அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." மகள் சிரித்தாள். "ஒரு வாய் வச்சேன் பாரு, அப்படியே அப்பா சமையல். நம்ம வீட்டு அடுப்பு முன்னாடி உக்காந்துட்டு இருக்கற மாதிரி இருந்துச்சு. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு எனக்கு."

மகள் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். அம்மாவைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள். பெரியகரண்டி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.  இத்தனை ஓட்டம் ஓடி, ஆயிரத்து இருநூறு சீட்டுச் செருகி, மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது அவர் கைதான்.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். அது அப்பாவோடதுதாண்டி. சாப்பிட்டப்ப உனக்குத் தோணினது சரிதான். தண்ணி, உப்பு, நேரம் எல்லாம் அவர் சொன்னது. என்னோடது அதுல இல்ல."

"ஏம்மா அப்படிச் சொல்றே? உன் படம் போட்டிருக்கே."

"படம்தான் இருக்கு." பெரியகரண்டி சமையலறைக்கும் மெஷினுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாள். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். "இங்க பாரு. எனக்குச் சின்னப் பாத்திரத்துல வரல. வரவே இல்ல, ரெண்டு தடவை பண்ணிப் பாத்துட்டேன். என் கை பெரிய அண்டாவுலதான் இருக்கு. அத வெளிய எடுத்துட்டு வரக் கூடாது. ஆனா நீ உள்ள வந்து சாப்பிடலாம்."

"உள்ளயா? ஆஸ்பத்திரிக்குள்ளயா? விடுவாங்களா?"

"வேலை பாக்கறவங்க வீட்டு ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு உண்டு. சீட்டு எழுதிக் கொடுத்துக் கேக்கணும். எல்லாரும் கேட்டிருக்காங்க. பாத்திரம் கழுவறவங்க பிள்ளைங்ககூட வந்து சாப்பிட்டுப் போயிருக்கு." சமையலறைப் பக்கம் திரும்பினாள். "நான்தான் இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூடக் கேக்கல."

"ஏன்மா கேக்கல?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. பெரியகரண்டி பதிலைத் தேடினாள். சலுகை கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தாளா? முந்நூற்று எண்பது தட்டு வரிசையாகப் போகும்போது, தன் பிள்ளைக்கு ஒரு தட்டு வைக்கவில்லை என்று அவளுக்கு ஒரு நாளும் உறைக்கவே இல்லையா?

"தெரியலடி" என்றாள். "கேட்டிருக்கணும்."

 அப்புறம் மகள், "அடுத்த மாசம் லீவு போட்டுட்டு வர்றேன்மா" என்றாள்.

"அடுத்த மாசமெல்லாம் வேணாம். செவ்வாய்க்கிழமை வா. செவ்வாய்க்கிழமைதான் சூப் போடற நாள்."

"இந்தச் செவ்வாயா? நாளை மறுநாளா?"

"ஆமா. வருவியா?"

"வர்றேன்" என்றாள் மகள்.

திங்கட்கிழமை காலை கஞ்சி வண்டி மேலே போனதும் பெரியகரண்டி கையைத் துடைத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். அவர் அவளைப் பார்த்ததும் ஏதோ பெரிய தகராறு என்று எண்ணி எழுந்தே நின்றுவிட்டார். விருந்தினர் சாப்பாட்டுச் சீட்டு வேண்டும் என்றாள். இழுப்பறையில் தேடி எடுத்துக் கொடுத்தார். வாங்கி மேஜைமேல் வைத்து எழுதினாள். உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினாள். எத்தனை பேருக்கு என்று கேட்டிருந்த இடத்தில் ஒன்று என்று எழுதினாள்.